டிரைவை வாங்குகிறோம், அதை இயக்கும் நிரலின் சாவி யாரிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மின்சிக்கனம் குறித்தும், பெரிய மோட்டார்களுக்கு வேகக் கட்டுப்பாட்டு டிரைவ்கள் பொருத்துவது குறித்தும் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளை நான் விடாமல் படித்து வருகிறேன். எத்தனை கிலோவாட், எத்தனை கோடி ரூபாய், ஆண்டுக்கு எத்தனை லட்சம் யூனிட் மிச்சம் என்ற கணக்குகள் அவற்றில் தவறாமல் இருக்கின்றன. ஆனால் அந்த டிரைவுக்குள் ஒவ்வொரு நொடியும் ஆயிரக்கணக்கான முறை முடிவெடுத்துக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டு நிரல் யாருடைய கையில் இருக்கிறது, அதில் ஓர் எண்ணை மாற்ற வேண்டிய நிலை வந்தால் அதை வாங்கிய நிறுவனத்தின் பொறியாளரால் மாற்ற முடியுமா என்ற கேள்வி எங்கும் எழுப்பப்படுவதில்லை. சிமெண்ட் ஆலை ஒன்றின் மின் பராமரிப்புப் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எங்கள் ஆலை பட்ட இழப்பை நேரில் கண்டவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீளமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2013 அக்டோபரில், வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்த வாரத்தில், எங்கள் ஆலையின் கில்ன், அதாவது சிமெண்டுக்கான மூலப்பொருளைச் சுடும் சுழல் உலை, மூன்று முறை நின்றுபோனது. கோளாறு கில்னில் இல்லை. கில்னிலிருந்து வரும் வெப்பவாயுவை இழுக்கும் ஐ.டி. ஃபேனை ஓட்டும் 6.6 கிலோவோல்ட், 1,800 கிலோவாட் மோட்டாரின் டிரைவ், மூன்று முறையும் மின்வரத்தில் அழுத்தக்குறைவு என்று திரையில் காட்டிவிட்டு டிரிப் ஆனது, அதாவது தானாகவே நின்றுகொண்டது. எங்கோ தொலைவில் மின்தடத்தில் இடி இறங்கி, பிரேக்கர் அந்தத் தடத்தைத் துண்டிக்கும் வரை ஏறத்தாழ நூறு மில்லிவினாடி மின்னழுத்தம் சரிந்து மீண்டிருக்கிறது. ஆலையின் விளக்குகள் ஒருமுறை மங்கி எரிந்தன, அவ்வளவுதான். ஆனால் ஃபேன் நின்றதும், ஒன்று நின்றால் மற்றதையும் நிறுத்தும் இன்டர்லாக் முறைப்படி நிலக்கரியும் மூலப்பொருளும் நின்றுவிடும். சூட்டில் இருக்கும் கில்னை அப்படியே நிறுத்தி வைத்தால் அதன் எஃகு உடல் வளைந்துவிடும் என்பதால், துணை மோட்டாரில் அதை மெல்ல உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே 1,450 டிகிரி செல்சியஸ் அளவில் கிளிங்கர் (அரைத்தால் சிமெண்ட் ஆகும் கட்டி) வெந்துகொண்டிருந்த இடத்தில் பதித்த செங்கற்கள் திடீரென்று ஆறி விரிசல் விடும். மறுபடி சூடேற்றி உற்பத்தியைப் பழைய அளவுக்குக் கொண்டுவர ஒவ்வொரு முறையும் அரை நாளுக்கு மேல் ஆயிற்று.

மூன்றாவது முறை நின்ற இரவில், டிரைவின் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டியபோதுதான், இதற்கான மருந்து அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது. அது மிக எளிய ஓர் ஏற்பாடு. டிரைவின் கெப்பாசிட்டர்களில் இருக்கும் மின்சேமிப்பு, முழுச் சுமையில் ஓரிரு சுழற்சிகளுக்கு மேல் தாங்காது. ஆனால் சுழன்றுகொண்டிருக்கும் ஃபேனின் பல டன் எடையுள்ள இரும்புச் சக்கரத்தில் அதைவிடப் பலமடங்கு ஆற்றல் இருக்கிறது. மின்வரத்து சரிந்த கணமே, டிரைவ் தான் கொடுக்கும் அலைவெண்ணை மோட்டார் சுழலும் வேகத்துக்குச் சற்றுக் கீழே இறக்கிவிட்டால், அந்த மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் ஆற்றலிலிருந்து ஒரு சிறு பகுதியை எடுத்துக் கெப்பாசிட்டர்களை நிரப்பிக்கொண்டிருக்கும். ஃபேனின் வேகம் நிமிடத்துக்குச் சில சுற்றுகள் குறையும். மின்னழுத்தம் திரும்பியதும் பழைய வேகத்துக்கு வந்துவிடும். கில்னுக்கு எதுவுமே தெரியாது. இந்த வசதி எங்கள் டிரைவின் நிரலில் எழுதப்பட்டிருந்தது. நிறுவும்போது அதை யாரும் இயக்கி வைக்கவில்லை. இயக்கும் பாராமீட்டர், அதாவது நிரலில் வைக்கும் அமைப்பு எண், விற்ற நிறுவனத்தின் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தது.

கடவுச்சொல்லைத் தொலைபேசியில் தர முடியாது என்றார்கள். அதற்கு உரிய பொறியாளர் வேறொரு மாநிலத்தில் வேலையில் இருந்தார். பதினொரு நாள் காத்திருந்தோம். அதற்குள் கில்ன் மேலும் ஒருமுறை நின்றது. வந்த பொறியாளர் நல்ல இளைஞர். மடிக்கணினியை கண்ட்ரோல் கார்டுடன் இணைத்து, இரண்டு எண்களை மாற்றி, சேமித்து, தேநீர் குடிப்பதற்குள் வேலையை முடித்துவிட்டார். அதற்குப் பத்து நாட்களுக்குப் பிறகு ஒரு மாலையில் மறுபடி மின்னல் வெட்டியபோது நான் அந்தப் பேனலுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். விளக்குகள் மங்கின. திரையில் வேகம் 842-லிருந்து 836-க்கு இறங்கி, நான் மூச்சு விடுவதற்குள் 842-க்கே ஏறியது. டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரமும் குளிர்விக்கும் புளோயர்களின் இரைச்சலும் மாறவே இல்லை. இரும்பிலும் செம்பிலும் சிலிக்கானிலும் எதையும் நாங்கள் தொடவில்லை. நான்கு முறை ஆலையை நிறுத்திய கருவியும், ஐந்தாம் முறை நிறுத்தாத கருவியும் ஒன்றே. வேறுபட்டது நிரலில் இருந்த இரண்டு எண்கள்.

இத்தகைய உயர் அழுத்த டிரைவ்களில் நிரலுக்கு ஏன் இவ்வளவு இடம் என்பதைச் சொன்னால்தான் என் கோரிக்கையின் நியாயம் விளங்கும். 415 வோல்ட்டில் ஓடும் சிறு டிரைவ்களில் நேர் மின்னழுத்தம் ஒன்றுதான். அதை மோட்டாருக்குக் கொடுப்பது அல்லது எடுப்பது என்ற இரண்டே நிலைகள். அதே முறையை 6.6 கிலோவோல்ட்டுக்குக் கொண்டுபோனால், ஒவ்வொரு முறை சுவிட்ச் மாறும்போதும் ஒன்பதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட செங்குத்தான அலை மோட்டாரின் சுருள்களில் மோதும். நீண்ட கேபிளாக இருந்தால் அது மோட்டார் முனையில் எதிரொலித்து இரட்டிப்பாகவும் ஆகலாம். எந்த இன்சுலேஷனும் அதை நெடுநாள் தாங்காது. நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் பகுதிக்கு இன்வெர்ட்டர் என்று பெயர். மேற்சொன்ன சிக்கலுக்கு விடையாக வந்ததே மல்ட்டிலெவல் இன்வெர்ட்டர் எனப்படும் பலபடி இன்வெர்ட்டர். ஒரே தாவலில் ஏறாமல், சிறுசிறு படிகளாக ஏறி இறங்கி, சைன் அலைக்கு நெருங்கிய வடிவத்தை அது கட்டி எழுப்புகிறது. ஜப்பானின் நாகாவோகாவில் நாபே, தகஹாஷி, அகாகி ஆகிய மூவரும் மூன்று படிகள் கொண்ட இன்வெர்ட்டரைப் பற்றி 1981-ல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் முக்கியமான தொடக்கங்களில் ஒன்று. தொண்ணூறுகளில், செல்கள் எனப்படும் சிறு இன்வெர்ட்டர் அலகுகளைத் தொடராக இணைக்கும் முறை ஆலைகளுக்கு வந்தது.

எங்கள் டிரைவ் இந்த இரண்டாம் வகை. கட்டத்துக்கு (ஃபேஸுக்கு) ஆறு செல்கள் வீதம் மொத்தம் பதினெட்டு. ஒவ்வொரு செல்லும் டிரான்ஸ்ஃபார்மரின் தனிச் சுருளிலிருந்து 690 வோல்ட் அளவில் மின்சாரம் பெற்று, டயோடுகளால் அதை நேர்மின்சாரமாக்கி, கெப்பாசிட்டரில் வைத்து, ஐ.ஜி.பி.டி. எனப்படும் அதிவேக அரைக்கடத்தி சுவிட்சுகள் நான்கின் வழியே கூட்டல், சுழி, கழித்தல் ஆகிய மூன்றில் ஒன்றை வெளியே தரும். ஆறு செல்களையும் தொடராகக் கோத்தால் ஒரு கட்டத்துக்குப் பதின்மூன்று படிகள். ஒரு படியின் உயரம் ஏறத்தாழ 900 வோல்ட். பழைய மோட்டாரே இதைத் தாங்கிக்கொள்ளும் என்பதால்தான் 1990-களில் வாங்கிய மோட்டாரை நாங்கள் மாற்றவே இல்லை. செல்களின் சுவிட்சுகளை ஒரே நேரத்தில் மாற்றாமல், ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளித் தள்ளி மாற்றுமாறு நிரல் கட்டளையிடுகிறது. இதனால் ஒவ்வொரு செல்லும் 600 ஹெர்ட்ஸ் ஊர்தி அலையில் (சுவிட்ச் மாறும் தாளத்தை வகுக்கும் அலை) நிதானமாக வேலை செய்தாலும், மோட்டாரின் கண்ணுக்கு அது 7,200 ஹெர்ட்ஸில் மாறுவதாகத் தெரியும். சுவிட்சுகள் அதிகம் சூடாவதில்லை, மின்னோட்டமும் வழவழப்பாக இருக்கிறது. வன்பொருள் மட்டும் இதைத் தந்துவிடாது. பதினெட்டு செல்களும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு, ஃபைபர் கேபிள்களின் வழியே வரும் கட்டளையை மைக்ரோவினாடிக் கணக்கில் நிறைவேற்றினால் மட்டுமே கிடைக்கும்.

அந்தக் கட்டளையைத் தயாரிக்கும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு படி இன்வெர்ட்டரில் மூன்று கட்டங்களுக்கும் சேர்த்து எட்டே சுவிட்ச் நிலைகள் உண்டு. மூன்று படியில் அது 27. எங்கள் பதின்மூன்று படிக் கருவியில் 2,197. இவற்றில் மோட்டாருக்குத் தனித்தனியாகத் தெரியக்கூடியவை 469 மட்டுமே. மற்றவையெல்லாம் ஒரே விளைவைத் தரும் வெவ்வேறு வழிகள். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் இக்கருவியின் ஆயுள் அடங்கியிருக்கிறது. ஒரே விளைவைத் தரும் இரண்டு வழிகளில் ஒன்று ஒரு செல்லை அதிகம் உழைக்க வைக்கும்; மற்றொன்று உழைப்பைப் பகிர்ந்து கொடுக்கும். மோட்டாரின் மின்னோட்டங்களை அளந்து, சுழலும் காந்தப்புலத்தின் மேல் அமர்ந்து பார்ப்பதுபோல அவற்றை இரண்டே எண்களாகச் சுருக்கி, ஒன்றால் காந்தப்புலத்தையும் மற்றொன்றால் முறுக்குவிசையையும் தனித்தனியே ஆளும் முறை எழுபதுகளின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் வகுக்கப்பட்டுவிட்டது. விலை குறைந்த, வேகமான சிக்னல் பிராசஸர்கள் வந்த பிறகுதான் அது ஆலைகளில் பரவலாக நுழைந்தது. இன்று ஒரு டிரைவை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துவது பெரும்பாலும் இந்தக் கணக்கே.

ஓர் எடுத்துக்காட்டு. பதினெட்டு செல்களில் ஒன்று பழுதானால் என்ன செய்வது? அந்தச் செல்லைப் பக்கவழியில் தவிர்த்துவிட்டு ஓட்டலாம். ஆனால் அந்தக் கட்டத்தில் இப்போது ஐந்து செல்களே இருப்பதால் மூன்று கட்டங்களும் சமநிலை இழக்கும். எளிய நிரல் மற்ற இரண்டு கட்டங்களிலும் ஒவ்வொரு நல்ல செல்லைச் சும்மா இருத்திவைத்து, மூன்றையும் ஐந்தாக்கிச் சமப்படுத்தும். கிடைக்கும் மின்னழுத்தம் முழு அளவில் 83 சதவீதம். அறிவுள்ள நிரல் நல்ல செல்களை வீணாக்காது. கட்டங்களுக்கு இடையிலான கோணங்களை 120 டிகிரியிலிருந்து சற்று நகர்த்தி, மூன்று கட்டங்களும் சந்திக்கும் மையப்புள்ளியை இடம்பெயர்த்து, மோட்டாரின் முனைகளில் மூன்று மின்னழுத்தங்களும் சமமாகவே தெரியும்படி செய்துவிடும். உள்ளே ஒரு புள்ளியிலிருந்து மூன்று முனைகளும் ஐந்து, ஆறு, ஆறு தொலைவில் இருக்கும்படி சமபக்க முக்கோணம் வரைந்து, அதன் பக்கத்தை ஆறு, ஆறு, ஆறு தொலைவுள்ள முக்கோணத்தின் பக்கத்தோடு ஒப்பிட்டால் 94 சதவீதம் கிடைக்கிறது. பள்ளி வடிவியல் தெரிந்த எவரும் சரிபார்க்கலாம். ஃபேனுக்கு 83-க்கும் 94-க்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல. மின்னழுத்தம் குறையும் அளவுக்கு வேகத்தையும் குறைக்க வேண்டும். ஃபேன் கேட்கும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், 83 சதவீத வேகத்தில் 57 சதவீதத் திறன்தான். 94 சதவீத வேகத்தில் 83 சதவீதத் திறன். அடுத்த ஷட்டவுன் வரை உற்பத்தியைக் குறைக்காமல் சமாளிப்பதா, குறைத்து ஓட்டுவதா என்பதை ஒரு துண்டு நிரல் தீர்மானிக்கிறது. டெண்டர் ஆவணங்களில் இந்தக் கேள்வியை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. வண்ணப்பூச்சின் தடிமன் எத்தனை மைக்ரான் என்று கேட்டிருப்பார்கள்.

இதற்கு ஒரு காரணம் எனக்குப் புரிகிறது: மின்கட்டண பில்லில் தெரிவதை மட்டுமே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். ஹார்மோனிக் எனப்படும் மின்னலைச் சிதைவின் அளவு வரம்பை மீறினால் உயரழுத்த நுகர்வோர் 15 சதவீதம் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும் என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைகள் சொல்வதால், எத்தனை பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் (பல்ஸ் கூடக் கூட ஹார்மோனிக் குறையும்) என்று எல்லோரும் கேட்கிறார்கள். கட்டத்துக்கு ஆறு செல் உள்ள டிரைவில் அது 36 பல்ஸ். ஐந்தாவது, ஏழாவது ஹார்மோனிக்குகள் டிரான்ஸ்ஃபார்மரிலேயே பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நல்லதுதான். நூறு மில்லிவினாடி மின்சரிவில் ஆலை நின்றதன் செலவோ பில்லில் வருவதில்லை. அது உற்பத்திப் பிரிவின் கணக்கில் போய் மறைந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் நம் கல்லூரிகளில் இருக்கிறது. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஓய்வுக்குப் பிறகு சில பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்களுடன் பேச அழைக்கிறார்கள். பலபடி இன்வெர்ட்டர் அங்கே மிகவும் விரும்பிச் செய்யப்படும் தலைப்பு. ஆனால் பத்துக்கு ஒன்பது திட்டங்கள் கணினித் திரையில் தொடங்கித் திரையிலேயே முடிகின்றன. திரையில் சுவிட்ச் கணப்பொழுதில் மாறும். மூன்று படி இன்வெர்ட்டரின் இரண்டு கெப்பாசிட்டர்களும் எப்போதும் சமமாக இருக்கும். அளவிடும் சென்சாரில் இரைச்சல் இருக்காது. அளந்து, கணக்கிட்டு, கட்டளையைச் செயல்படுத்துவதற்குள் ஒன்றரை மாதிரிக்காலம் (ஓர் அளவீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம்) கடந்துவிடுகிறது என்ற உண்மையை யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் ஒரே கணத்தில் ஆன் ஆகிக் குறுக்குச்சுற்று ஆகாமல் இருக்க விடப்படும் சில மைக்ரோவினாடி இடைவெளி, குறைந்த வேகத்தில் மோட்டாரின் மின்னோட்டத்தை எப்படிச் சிதைக்கும் என்பதை அலைநோக்கியில் பார்த்த மாணவரை நான் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த விரல்களில் ஒன்று, இரண்டாண்டுகளுக்கு முன் சந்தித்த ஒரு மாணவி. 48 வோல்ட்டில் ஓடும் சிறு மோட்டாருக்கு மூன்று படி இன்வெர்ட்டர் ஒன்றைத் தாமே பலகையில் இணைத்து, ஒரு சிக்னல் பிராசஸர் கார்டால் இயக்கிக்கொண்டிருந்தார். மோட்டார் ஓடியது; ஆனால் சிறிது நேரத்தில் இரண்டு கெப்பாசிட்டர்களில் ஒன்றின் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போக, மற்றொன்றினுடையது இறங்கிக்கொண்டே போனது. அலைநோக்கியில் மஞ்சள் கோடும் நீலக் கோடும் விலகி விலகிச் சென்றன. மேலே ஏறிய கெப்பாசிட்டரின் தலையைத் தொட்டுப் பார்த்து, கையை எடுத்துக்கொண்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நிரலுக்குத் திரும்பி, ஒரே விளைவைத் தரும் இரண்டு நிலைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை, இரண்டு கெப்பாசிட்டர்களின் வேறுபாட்டையும் மின்னோட்டத்தின் திசையையும் பார்த்து முடிவு செய்யும் நான்கு வரிகளைச் சேர்த்தார். மறுபடி ஓட்டியபோது இரண்டு கோடுகளும் மெல்ல நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று படிந்து நின்றன. ஒரு பருவம் முழுவதும் கரும்பலகையில் கற்பித்தாலும் வராத தெளிவு அந்தப் பிற்பகலில் அவருக்கு வந்தது. இன்றைக்கு ஆலைகளுக்குத் தேவைப்படும் பொறியாளர் அவரைப் போன்றவர்தான். அந்த மேசையில் இருந்த மொத்தப் பொருளின் விலையும் ஒரு நல்ல மடிக்கணினியின் விலைக்குள் அடங்கும்.

நம்மிடம் அறிவு இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்த டிரைவ்களின் உயிர்நாடியான ஐ.ஜி.பி.டி. சுவிட்சை உருவாக்கியதற்காகப் போற்றப்படும் பி. ஜெயந்த் பாலிகா 1969-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர்; அதே பணிக்காக 2024-ல் ஃபின்லாந்தின் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசைப் பெற்றார். மோட்டாரின் சுருள்களை இரு முனைகளிலும் திறந்துவிட்டு, இருபுறமும் எளிய இன்வெர்ட்டர்களை இணைத்துப் பலபடி அலையைப் பெறும் முறையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் கே. கோபகுமாரின் குழு செய்த ஆய்வுகளை உலகெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் திருவனந்தபுரம் மையம் இத்துறையில் நெடுங்காலமாக இயங்கி வருகிறது. இத்தனையும் நமக்கு அண்டையிலேயே இருந்தும், ஆலையின் பேனல் அறையில் நிற்கும் பொறியாளர் கடவுச்சொல்லுக்காகக் காத்துக் கிடக்கிறார் என்பதுதான் என் மனக்குறை.

ஆகவே தங்கள் நாளிதழின் வாயிலாக, முதலில் பொதுப்பணத்தில் வாங்கும் அமைப்புகளை, அதாவது மின் உற்பத்தி நிலையங்களையும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை நடத்தும் வாரியங்களையும், நான் கேட்டுக்கொள்வது இதுதான். உயர் அழுத்த டிரைவுக்கு டெண்டர் விடும்போது, அதன் கட்டுப்பாட்டு நிரலையும் வாங்கும் பொருளின் ஒரு பகுதியாக எழுதுங்கள். செயல்பாட்டு பாராமீட்டர்களின் கடவுச்சொற்கள் நிறுவி முடிக்கும் அன்றே எழுத்து மூலம் ஒப்படைக்கப்பட வேண்டும். மின்சரிவைத் தாங்குதல், சுழலும் மோட்டாரை அந்த வேகத்திலேயே மீண்டும் பிடித்தல், செல் பழுதானால் மையப்புள்ளியை நகர்த்துதல் ஆகியவை இருக்கின்றனவா என்று கேட்பதோடு நிற்காமல், தொழிற்சாலைச் சோதனையின்போது நம் பொறியாளர்களின் கண்முன் செய்து காட்டச் சொல்ல வேண்டும். இதற்கு 6.6 கிலோவோல்ட் மோட்டாரை ஆபத்துக்கு உட்படுத்த வேண்டியதில்லை. மோட்டாரின், மின்வரத்தின் நடத்தையை நிகழ்நேரத்தில் கணக்கிடும் கணினியை உண்மையான கண்ட்ரோல் கார்டுடன் இணைத்து, எத்தனை மின்சரிவுகளை வேண்டுமானாலும் உண்டாக்கிப் பார்க்கும் சோதனை முறை இன்று வழக்கத்தில் இருக்கிறது. டிரிப் ஆவதற்கு முன்னும் பின்னுமான சில நொடிகளின் அலைவடிவப் பதிவு, விற்பவரின் மென்பொருள் இல்லாமலேயே எவரும் திறந்து பார்க்கக்கூடிய கோப்பாகக் கிடைக்க வேண்டும் என்பதையும் நான் வலியுறுத்துவேன். நோயாளியின் எக்ஸ்ரேயை மருத்துவமனை தன்னிடமே வைத்துக்கொண்டு கடிதம் மட்டும் கொடுத்தனுப்பினால் நாம் ஏற்போமா?

நிரலின் பதிப்பு எண்ணையும் யாரும் கவனிப்பதில்லை. எங்கள் டிரைவின் கண்ட்ரோல் கார்டு 2017-ல் பழுதாகி மாற்றப்பட்டபோது, புதிய கார்டில் புதிய பதிப்பு நிரல் இருந்தது. நாங்கள் பத்திரமாக வைத்திருந்த செட்டிங் கோப்பு அதில் ஏறவே இல்லை. நானூறுக்கும் மேற்பட்ட பாராமீட்டர்களைக் கையால் பார்த்துப் பார்த்து ஏற்றினோம். முன்னர் சொன்ன மின்சரிவு வசதி இம்முறையும் முடக்கப்பட்ட நிலையிலேயே வந்திருந்தது. பழைய குறிப்பு என்னிடம் இருந்ததால் தப்பித்தோம்.

விற்பவர்கள் சொல்லும் மறுப்பையும் நியாயமாகவே எடுத்துக்கொள்கிறேன். தெரியாத ஒருவர் எண்ணை மாற்றினால் ஐ.ஜி.பி.டி. வெடிக்கும், மோட்டார் எரியும், உத்தரவாதம் யார் கொடுப்பது என்று கேட்கிறார்கள். அந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. தவறாக வைத்த மின்னோட்ட வரம்பால் ஒரே இரவில் மூன்று செல்களை இழந்த ஆலையையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்காக எல்லாவற்றையும் ஒரே பூட்டில் வைப்பது சரியல்ல. சுவிட்சுகளின் பாதுகாப்பு இடைவெளி, உச்ச மின்னோட்ட வரம்பு, இன்சுலேஷனைக் காக்கும் எண்கள் ஆகியவை தயாரிப்பாளரிடமே இருக்கட்டும். ஆலையின் இயக்கத்தோடு தொடர்புள்ள வேக ஏற்றம், மின்சரிவு நடத்தை, மறுதொடக்கம் போன்றவை ஆலைப் பொறியாளரிடம் வர வேண்டும். யார், எப்போது, எந்த எண்ணை எதிலிருந்து எதுவாக மாற்றினார் என்பதைக் கருவியே அழிக்க முடியாதபடி பதிவு செய்து வைக்கட்டும். மூல நிரலைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது அவர்களுடைய உழைப்பு. ஆனால் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓட வேண்டிய கருவி இது. தயாரிப்பாளர் அந்தத் தொழிலையே விட்டுவிட்டால், மூன்றாம் தரப்பிடம் முத்திரையிட்டு வைக்கப்பட்ட மூல நிரல் வாங்கியவருக்குக் கிடைக்கும் என்ற ஓர் ஒப்பந்த வரி இருப்பது எவருக்கும் நட்டமல்ல.

இது ஓர் ஆலையின் தலைவலி மட்டும் என்று தோன்றலாம். 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்ட புகளூர் - திருச்சூர் நேர்மின் இணைப்பை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு 320 கிலோவோல்ட் அழுத்தத்தில் 2,000 மெகாவாட் வரை கொண்டுசெல்லும் அந்த நிலையத்தின் உள்ளே இருப்பதும் செல்களைத் தொடராகக் கோக்கும் இதே குடும்பத்துப் பலபடிக் கருவிதான். எங்கள் ஃபேன் டிரைவில் பதினெட்டு இருந்தால் அங்கே ஆயிரக்கணக்கில். அந்தச் செல்களின் கெப்பாசிட்டர்கள் சமமாக இருக்கின்றனவா என்று நொடிதோறும் பார்த்து, வரிசைப்படுத்தி, அடுத்து எதை இணைப்பது என்று முடிவெடுப்பதும் ஒரு நிரலே. 48 வோல்ட் மேசையில் அந்த மாணவி எழுதிய நான்கு வரிகளுக்கும் அதற்கும் கொள்கையில் வேறுபாடு இல்லை.

கல்லூரிகளிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். மின்னியல் துறையின் இறுதியாண்டில், குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் ஒரு பலபடி இன்வெர்ட்டரை மாணவர்கள் தாமே நிரல் எழுதி இயக்கும் ஒரு செய்முறைப் பாடத்தைக் கட்டாயமாக்குங்கள். அதில் மின்சரிவை வேண்டுமென்றே உண்டாக்கி, மோட்டாரை நிறுத்தாமல் காக்கும் பயிற்சி ஒன்று இருக்கட்டும். 2009-ல் எங்கள் டிரைவ் நிறுவப்பட்ட நாளிலிருந்து 2019-ல் நான் ஓய்வு பெறும் வரை, அது டிரிப் ஆன ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், வேகம், சுமை, திரையில் வந்த செய்தி, பின்னர் கண்ட காரணம் ஆகியவற்றை என் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நீல அட்டை போட்ட இரண்டு குறிப்பேடுகள். அத்தகைய பாடத்தைத் தொடங்கும் கல்லூரி எதுவானாலும், தங்கள் நாளிதழின் வழியாக என்னைத் தொடர்பு கொண்டால், அவற்றின் நகலைத் தரவும், மாணவர்களோடு ஒரு வாரம் உடனிருந்து ஒவ்வொரு டிரிப்பையும் விளக்கவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் பராமரிப்புப் பொறியாளர்,
அரியலூர் மாவட்டம்.